மூட்டைக்குள் முளைவிட்ட போன்

கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனிந்து வேலை பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஐம்பது தாண்டியதுமே ஓய்வு பெற்றவள் நான். செல்போன் ரிப்பேர்க்காரிக்கு பென்ஷன் கிடையாது. கழுத்துப்பட்டை ஒன்று கிடைத்தது.

இப்போது கடையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சுகந்தி போன வாரம் கூப்பிட்டாள். புதிதாக வருகிற போன்களில் மெமரி கார்டு போடுகிற பொந்தே இல்லையாம். "அதனால உலகம் ஒண்ணும் முழுகிடலக்கா" என்றாள். எனக்கும் வருத்தம் இல்லை. அந்தப் பொந்திலிருந்து நான் எடுத்துப்போட்ட கரப்பான் முட்டையையும் மூக்குப்பொடியையும் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கண்காட்சி வைத்திருக்கலாம். "ஆனா ஒரு போனை நீங்க கார்டுலேர்ந்தே எழுப்புனீங்கன்னு பாய் சொன்னாரே, அது நிசமா, இல்ல பாய் விடுற கதையா?" என்று கேட்டாள்.

முதலாளி பாய் விடுகிற கதைகளில் பாதி நிசம். இது அந்தப் பாதியில் வருகிறது. நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பத்தாவது முடித்ததும் திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கேசட் கடையில் பாட்டுப் பதிகிற வேலைக்குச் சேர்ந்தேன். கேசட் போய் சிடி வந்தது. சிடி போய் மெமரி கார்டு வந்தது. பாட்டு ஏற்றிக்கொண்டு போனவர்கள் போனைக் கீழே போட்டுவிட்டு வந்து, "நீங்கதானே பாட்டு ஏத்துனீங்க, நீங்களே சரி பண்ணுங்க" என்று சண்டை போட்டார்கள். அப்படித்தான் ரிப்பேர் கடை ஆனோம். திருச்சியில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே டீ நன்றாக இருந்தது. மற்றதையெல்லாம் செத்த போன்களைத் திறந்துதான் கற்றுக்கொண்டேன்.

முதலாளி பெயர் சாகுல் ஹமீது. ஊருக்கே பாய். கடையின் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. முன்னால் பாய், பின்னால் நான். தடுப்பில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சன்னல். அதன் வழியாக போன் வரும், போன் போகும். என்னைக் கேட்டு அவர் வைத்த தடுப்பு அது. இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பார்.

பாய்க்குத் தொழில் தெரியாது. ஸ்குரூடிரைவரைத் தலைகீழாகப் பிடிப்பார். ஆனால் அவருக்கு ஒரு மூக்கு இருந்தது. தண்ணீரில் விழுந்த போன் வந்தால் முதலில் அதை மூக்குக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுப்பார். வாய்க்கால் சேறா, குளத்துப் பாசியா, கோடியக்கரைப் பக்கத்து உப்பா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை கல்யாணச் சமையல்காரர் ஒருவருடைய போன் சாம்பாரில் விழுந்துவிட்டது. பந்தி முடிந்த பிறகுதான் எடுத்து வந்தார். பாய் மோந்து பார்த்துவிட்டு, "பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்கே, யாரும் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார்.

கக்கூஸில் விழுந்த போன்தான் அதிகம் வரும். அதை யாரும் கக்கூஸ் என்று சொல்லமாட்டார்கள்.

"எங்க விழுந்துச்சு?"

"கிணத்துல பாய்."

பாய் மோந்து பார்ப்பார். முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாது. "ஆமா, கிணறுதான்" என்று ரசீதில் 'கிணறு' என்று எழுதி, போனோடு சேர்த்து சன்னல் வழியாக நீட்டுவார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கையுறை போட்டுக்கம்மா" என்பார். கிணறு என்றால் கையுறை. அது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. "மூக்குக்குத் தெரிஞ்சது வாய்க்குத் தெரிய வேணாம் அமுதா" என்பது அவர் எனக்குச் சொன்ன ஒரே தொழில் பாடம். போனுக்குள் எதைப் பார்த்தாலும் அதே சட்டம்தான்.

அந்த மூக்கு ஒரே ஒரு நாள்தான் தடுமாறியது.

மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் பக்கத்துக்கு ஒருவழியாக வந்து சேர்ந்த சமயம். காலையில் கடை திறந்த சூட்டோடு ஒரு டிராக்டர் வந்து நின்றது. கடைமடை விவசாயி தனபாலும் அவர் மனைவி மல்லிகாவும் இறங்கினார்கள். தனபால் ஒரு மஞ்சள் பைக்குள்ளிருந்து தடிமனான போன் ஒன்றை எடுத்து வைத்தார். பாய் இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"என்னங்க இது, கள்ளுல போட்டீங்களா?"

"எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்ல பாய்."

"அந்த ஒரு குறைதான் இல்ல" என்றார் மல்லிகா.

சன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தபடி நான் கேட்டுக்கொண்டது இதுதான். தனபாலின் வயலுக்கு வருகிற வாய்க்காலில், மேலே நடராசன் என்பவருடைய வயலோரம் ஒரு மதகு. மதகின் ஷட்டரை அவர் இறக்கிவிட்டால் கீழே சொட்டுத் தண்ணீர் வராது. யாருக்கு எப்போது தண்ணீர் என்பதை ஊருக்குள்ளேயே பேசி முறை வைத்துக்கொள்வார்கள். நடராசன், "வியாழக்கிழமைலேர்ந்து ஷட்டர உங்களுக்கு விட்டுடுறேன், நாத்தங்காலுக்கு விதை ஊறப்போட்டுக்குங்க" என்று மதகின் மேல் நின்று சொல்லியிருக்கிறார். தனபால் அதை வீடியோ எடுத்திருக்கிறார். எடுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, போனோடு வாய்க்காலில் விழுந்திருக்கிறார்.

நனைந்த போனை அரிசியில் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தனபால் நெல் வீட்டுக்காரர். அரிசிக்கே நெல்தானே மூலம் என்று நினைத்து, பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போனை வீட்டில் இருந்த நெல் மூட்டைக்குள் செருகிவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு சாவுக்குப் போய்விட்டார். அது விதைநெல் மூட்டை. தண்ணீர் வரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனாரே என்று மல்லிகா அந்த மூட்டையை ஆளை வைத்துத் தூக்கிக் குளத்தில் ஊறப்போட்டார். ஊறியதும் எடுத்து, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல்லை வைத்து முளைகட்ட மூட்டம் போட்டுவிட்டார். தனபால் திரும்பி வந்து மூட்டத்தைப் பிரித்துத்தான் போனை எடுத்தார்.

"மூட்டைல போன் இருக்குன்னு சொல்லிட்டுப் போனா என்ன?" என்றார் மல்லிகா.

"நீ மூட்டைய ஊறப்போடப் போறேன்னு சொன்னியா?"

"நாப்பது மூட்ட நெல்லு விளையிற வீட்டுல, எந்த மூட்டைல போன் இருக்குன்னு நான் கனவா கண்டேன்?"

பாய் மறுபடி மோந்து பார்த்துவிட்டு, "முளைகட்டுன வாசம். அதான் எனக்குப் புடிபடல" என்று சமாதானம் ஆனார்.

சிரிக்கிற விஷயம் அதோடு முடிந்தது. வியாழக்கிழமை வந்தது, ஷட்டர் திறக்கவில்லை. நடராசன், "நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்டுவிட்டார். வீடியோ இருக்கிறது என்று தனபால் சொன்னதும், போன் மூட்டைக்குள் வெந்த கதை ஊருக்கே தெரிந்திருந்ததால் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "எடுத்த போன்லயே காட்டு. காப்பி கீப்பி வேணாம். இப்பல்லாம் யாரு வாயில எத வேணாலும் பேச வைக்கிறானுங்க" என்றார். ஊராட்சித் தலைவரும், "சாயங்காலத்துக்குள்ள அந்த போன்லயே காட்டு தனபாலு, நானே நின்னு தொறந்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். தலைவர் நடராசனின் மச்சான்.

மூட்டையில் விதை முளைவிட்டுவிட்டது. நாற்றங்கால் உழுது காய்ந்து கிடக்கிறது. நாளையைத் தாண்டினால் முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்புறம் அதைத் தெளிக்க முடியாது, மாட்டுக்குத்தான் போட வேண்டும். மறுபடி விதைக்கு எங்கே போவது, பருவத்துக்கு எங்கே போவது.

போனைத் திறந்தேன். சார்ஜ் போடுகிற ஓட்டையிலிருந்து ஒரு நெல் வெள்ளையாக முளைவிட்டு எட்டிப் பார்த்தது. இடுக்கியால் இழுத்து மேசையில் வைத்தேன். சன்னல் வழியாக ஒரு கை வந்தது.

"அத இங்க குடு தங்கச்சி. நல்ல முளை" என்றார் தனபால்.

உள்ளே இருந்த சர்க்யூட் பலகையைக் கழற்றி, கழுவுகிற திரவத்தில் பிரஷ்ஷால் தேய்த்து, உமித்தூசியை எடுத்து, சூடான காற்றில் காயவைத்தேன். ஊறியபோது பேட்டரி உள்ளே இல்லாததால் சில்லுகள் தப்பித்திருந்தன. பேட்டரி வந்து தொடுகிற முனைகள் மட்டும் பச்சை பிடித்து உதிர்ந்துவிட்டன. ஒயர் வைத்துப் பேட்டரியை நேராகப் பலகையிலேயே பற்றவைத்தேன். பொத்தானை அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் இங்கிலீஷ் எழுத்து வரிவரியாக ஓடி, ஒரு இடத்தில் நின்றது. திரும்ப அமுக்கினாலும் அதே இடத்தில் நின்றது.

எனக்குப் பழக்கமில்லாத போன் அது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் கார்த்தி கொடுத்துவிட்டுப் போனது. ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடுகிற போன், யாரும் வேவு பார்க்க முடியாதாம். "என்னைய வேவு பாத்து எவன் என்ன கண்டுபிடிக்கப் போறான்? வாட்ஸப் கூட வேலை செய்யாது. செஞ்சிருந்தா அன்னைக்கே பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பேன்ல" என்று தனபால் மகனையும் போனையும் சேர்த்துத் திட்டினார். பாய் தன் போனில் கார்த்தியைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு சன்னலில் வைத்தார். பையன் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான்.

"கடைசி வரில என்னக்கா எழுதியிருக்கு?" என்று கிசுகிசுத்தான். எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கக்கா."

"என் சத்தமே இவ்வளவுதான் தம்பி."

"எனக்கும் இப்ப இவ்வளவுதான்க்கா."

"சாவு வீட்டுல பேசுற மாதிரி ரெண்டு பேரும் என்னடா குசுகுசுங்குறீங்க? போன் இருக்கா, செத்துச்சா?" என்றார் தனபால்.

பையன் பொறுமையாக விளக்கினான். போன் தண்ணீரில் விழுந்தபோது உள்ளே எழுதிக்கொண்டிருந்த சிஸ்டம் பாதியில் அறுந்துபோயிருக்கிறது. வீடியோ இருக்கிற இடம் வேறு, அது நன்றாகவே இருக்கும். இந்த போன் எழும்போது முதலில் மெமரி கார்டைத்தான் பார்க்கும். கார்டில் முழு சிஸ்டம் ஒன்று இருந்தால் அதிலிருந்தே எழுந்துவிடும், உள்ளே இருப்பதைச் சீண்டாது. வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் விழுந்துவிட்டால் கொல்லைப்பக்கமாக நுழைந்து சாமானை எடுப்பதில்லையா, அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

அவன் அனுப்பிய ஃபைலைக் கடைக் கம்ப்யூட்டரில் இறக்கி, பாட்டு ஏற்றுகிற மாதிரியே இழுத்துக் கார்டில் போட்டேன். இத்தனை வருஷம் பாட்டு ஏற்றிய கை, வேறு எப்படிப் போடும். போன் அந்தக் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, அப்படி இல்லக்கா. கார்டோட மொதல் எடத்துலேர்ந்து அச்சு மாதிரி பதிக்கணும், அதுக்குத் தனியா ஒரு புரோகிராம் இருக்கு" என்றான். பதித்தேன். கடைசியில் சரிபார்க்கும்போது பிழை என்று வந்தது. கார்டு போலி. மேலே எழுதியிருந்த அளவில் கால்வாசி கூட உள்ளே இல்லை.

"யாருக்கிட்ட வாங்குனீங்க இந்தக் கார்ட?" என்று தனபால் கேட்டார்.

பாய் மின்விசிறியைப் பார்த்தார். "நம்ம கடையில விக்கிறதுதான்" என்றார்.

கடையில் இருந்த கார்டுகள் எல்லாம் அதே பெட்டியில் வந்தவை. மல்லிகாதான் வெளியே நின்ற டிராக்டரைக் காட்டினார். அதன் பாட்டுப்பெட்டியில் கார்த்தி வாங்கிக்கொடுத்த நல்ல கார்டு இருந்தது.

"அதுல இருக்குற பாட்டெல்லாம் என்னா ஆவும்?" என்றார் தனபால்.

"போயிடும்ணே" என்றேன்.

அவர் யோசித்தார். விதைக்கும் பாட்டுக்கும் நடுவில் உண்மையிலேயே யோசித்தார்.

"போனாப் போவுது குடுங்க. அதே பாட்ட கேட்டுக் கேட்டு மடையில இருக்குற நண்டே ஊர விட்டுப் போயிடுச்சு" என்றார் மல்லிகா.

டிராக்டர் கார்டில் பதித்தது பிழையில்லாமல் முடிந்தது. கார்டைச் செருகிப் பொத்தானை அமுக்கினேன். வரிகள் ஓடின. முன்பு நின்ற இடத்தைத் தாண்டின. திரையில் பளிச்சென்று ஒரு முகப்பு வந்தது. தனபால் சன்னலுக்குள் தலையைவிட்டுப் பார்த்தார்.

"என் நம்பரு ஒண்ணையும் காணுமே. எல்லாத்தையும் அழிச்சிட்டியா தங்கச்சி?"

"இது கார்டுண்ணே. உங்களுது உள்ள இருக்கு. இனிமேதான் தொறக்கணும்."

தொடுதிரையின் கீழ்ப் பாதி செத்திருந்தது. சார்ஜ் ஓட்டையில் ஒரு விசைப்பலகையைச் செருகி, கார்த்தி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் அடித்தேன். உள்ளே இருந்த நினைவகம் திறந்தது. கடைசி வீடியோ அங்கே இருந்தது. அதைத் தொட்டால் ஓடுகிற மாதிரி திரையின் மேல் பாதியில் கொண்டுவந்து வைத்தேன். "ஓடிட்டு இருக்கும்போது கார்ட மட்டும் எடுத்துடாதீங்கக்கா, எல்லாம் அப்படியே நின்னுடும்" என்று சொல்லிவிட்டுப் பையன் மீட்டிங்குக்குப் போனான்.

கடைசிவரை ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. தனபாலும் மல்லிகாவும் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போயிருந்தபோது காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன். தனபால் கேமராவை மாற்றிப் பிடித்திருந்தார். வீடியோ முழுக்க அவருடைய மூக்குத் துவாரம்தான். ஆனால் நடராசனின் குரல் மணி மாதிரி இருந்தது. வியாழக்கிழமை, ஷட்டர், விதை, எல்லாம் சொன்னார். பிறகு தாராள மனசு வந்தவர் வெற்றிலையைக் குதப்பித் துப்பித் துப்பி இன்னும் கொஞ்சம் பேசினார். "நம்ம தலைவரு இருக்காரே, என் மச்சான், அவருக்கு மதகுக்கும் மாட்டுத்தொட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. என் பொண்டாட்டி அழுதாளேன்னுதான் அவனுக்கு ஓட்டே போட்டேன்" என்றார். அதற்கு மேலும் சொன்னார், அதை எழுதமாட்டேன். கடைசியில் ஒரு தொபுக்கடீர். அதோடு வீடியோ முடிந்தது. விழுந்த அதிர்ச்சியில் தனபாலுக்கு இந்தப் பேச்சு எதுவும் நினைவில்லை என்று நினைக்கிறேன். நானும் அவரிடம் சொல்லவில்லை. மூக்குக்குத் தெரிந்தது.

என்னையும் கூட வரச் சொன்னார்கள். போன் வழியில் நின்றுவிட்டால் எழுப்புவதற்கு ஆள் வேண்டுமே.

"பாய், அங்க நாலு பேரு இருப்பாங்க" என்றேன்.

"இருக்கட்டும். எல்லாரும் போனைத்தான் பாப்பானுங்க, உன்னை யாரு பாக்கப்போறா?" என்றார் பாய்.

சாயங்காலம் மதகடியில் பாதி ஊர் நின்றது. மதகுக்கு மேலே வாய்க்கால் தளும்பிக்கொண்டிருந்தது. கீழே சேறு வெடித்துக் கிடந்தது. நடராசன் நல்ல உயரம், வெள்ளை வேட்டி. தலைவர் தோளில் துண்டும் கட்டிய கைகளுமாக அவர் பக்கத்தில் நின்றார். நான் மதகுச் சுவரில் போனை வைத்து, முதுகு மூடியைத் திறந்தபடியே பொத்தானை அமுக்கினேன். வரிகள் ஓடின.

"என்னம்மா இது, படம் எழுத்துலயே போயிட்டிருக்கு?" என்றார் நடராசன். எல்லோரும் சிரித்தார்கள்.

முகப்பு வந்ததும் சிரிப்பு நின்றது. மேல் பாதியைத் தொட்டேன். தனபாலின் மூக்கு வந்தது.

"இதக் காட்டத்தான் கூப்பிட்டியா?" என்று யாரோ கேட்டார்கள். அதற்குள் குரல் வந்தது. 'வியாழக்கிழமைலேர்ந்து ஷட்டர உங்களுக்கு விட்டுடுறேன். விதை ஊறப்போட்டுக்குங்க.'

கூட்டம் நடராசனைப் பார்த்தது. அவர், "சொல்லியிருப்பேன். வியாழக்கிழமன்னா எந்த வியாழக்கிழமன்னு..." என்று ஆரம்பித்தார். போன் நிற்கவில்லை. 'நம்ம தலைவரு இருக்காரே...' என்றது.

தலைவர் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு முன்னால் குனிந்தார்.

மதகின் மேல் நின்று அன்றைக்கு என்னென்ன பேசினோம் என்பது நடராசனுக்கு அப்போதுதான் முழுசாக நினைவு வந்தது. முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். திரையின் அடியில் இருக்கிற நிறுத்துகிற பொத்தானைக் குத்தினார். செத்த பாதி அது. மறுபடி குத்தினார். 'என் மச்சான், அவருக்கு...' என்று இழுத்துவிட்டு, போனுக்குள் இருந்த நடராசன் வெற்றிலையைக் குதப்பித் துப்பினார்.

"யம்மா, நிறுத்தும்மா" என்று என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாய் சொன்னது பொய்யாகிவிட்டது. விரல் அதுவாகப் போய்க் கார்டின் நுனியில் நின்றது.

"மொதல்ல ஷட்டரத் தூக்குங்க. கார்டப் புடுங்குறேன்" என்றேன்.

என் குரல் மதகுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டதாக மல்லிகா பிறகு சொன்னார். நடராசன் தாவிப் போய்த் திருகுக் கம்பியைப் பிடித்தார். முதல் சுற்றில் ஷட்டர் பலகை அசைந்தது. அடியில் தண்ணீர் சீறியது. நான் கார்டை இழுத்தேன். தனபாலின் மூக்கு திரையில் அப்படியே உறைந்து நின்றது. நடராசன் முழுசாகத் தூக்குகிற வரைக்கும் கார்டைப் பொந்தின் வாசலிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விதை தெளித்தார்கள். நான் போனிலிருந்து எடுத்துக்கொடுத்த முளையையும் சேர்த்துத்தான் தெளித்ததாகத் தனபால் சொன்னார். போன் அதற்குப் பிறகு எழவில்லை. கார்டு டிராக்டருக்கே திரும்பிப் போனது. பாட்டு கேட்க ஆசைப்பட்டு அவர் பொத்தானை அமுக்கினால் 'கார்டில் எதுவும் இல்லை' என்று வருகிறதாம். மல்லிகா அதை அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம், முன்னால் யாரோ செருமினார்கள். வெளியே வந்தேன். ஊராட்சித் தலைவர். நனைந்த போன் ஒன்றைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

"எங்கங்க விழுந்துச்சு?"

"கிணத்துலம்மா."

பாய் மாதிரி மூக்குக்குக் கொண்டுபோனேன். முகம் சுருங்காமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ரசீதில் 'கிணறு' என்று எழுதினேன்.

தலைவர் போகாமல் நின்றார். தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு அந்த வீடியோவுல, கார்ட எடுத்தியேம்மா... அதுக்கப்புறம் என்ன இருந்துச்சு?"

"தண்ணி சத்தம்தாங்க ஐயா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவருடைய ரசீதைப் பார்த்தேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தடுப்புக்குப் பின்னால் போய்க் கையுறையை மாட்டிக்கொண்டேன்.